நேரா ஒரு ப்ளேன்

தங்கமயில்: ...அதான் மைனி, அந்த ப்ளேன் மட்டும் வந்துட்டுன்னா போதும். எம்மவ ஒரு தேசம், உங்க மவன் ஒரு தேசம்னு பிறவு ஒருத்தரும் வாயத் தொறக்க முடியாது.

பார்வதியம்மாள்: நானும் செம்பூர்ல கடைக்கு வாரவங்ககிட்ட எல்லாம் அதத்தான் சொல்லிட்டுக் கெடக்கேன். நேத்து ஒருத்தி கேக்கா, "கல்யாணமாகி மூணு வருசம். ஹரி கனடாவுல, ராணி அயர்லாந்துல... இது என்ன குடும்பம்?"னு. "நடுவுல கடலு கெடக்கு, நேரா ப்ளேன் கெடையாது, நீந்தியா போவாவ?"ன்னு கேட்டேன். உளுந்த வாங்கிட்டுப் போயிட்டா.

தங்கமயில்: நல்லாக் கேட்டிய! இந்தத் தாராவில மட்டும் என்ன வாழுது? தண்ணி பிடிக்கப் போனா அதே பேச்சுதான். "நர்சு வேலைக்குப் போனவ புருசன்கிட்ட எப்பப் போவா?" எனக்கும் ப்ளேன்தான் பதிலு.

பார்வதியம்மாள்: ம்... மைனி, இந்தச் சுக்குக் காப்பில சீனியே இல்லையே.

தங்கமயில்: நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருக்கு, சுகர் வேற. உங்களுக்குச் சீனி போட்டா உங்க வீட்டுக்காரரு என்னச் சும்மா விடுவாரா?

பார்வதியம்மாள்: அவிய செம்பூர்ல கல்லாவுல உக்காந்திருக்காவ. தாராவி வரைக்கும் கண்ணு தெரியாது. ஒரு கரண்டி.

தங்கமயில்: மாட்டேன்.

பார்வதியம்மாள்: அரைக் கரண்டி...

தங்கமயில்: மைனி!

ஜான்சி: அம்மா! சுனோ, கேளும்மா! அரே... பார்வதி அத்தை, நீங்களும் இருக்கீங்களா? பக்கா டைமிங்!

தங்கமயில்: ஏட்டி ஜான்சி, மெதுவா ஏறுட்டி! இரும்பு ஏணி கழண்டு விழப் போவுது. ஞாயித்துக்கெழமையும் ஆபீசு ஆபீசுன்னு ஓடுத, வந்ததும் கத்துத...

ஜான்சி: வந்துடுச்சும்மா! மாட்டுங்காவுல எங்க ப்ளேன் டிக்கெட் ஆபீஸ் குரூப்ல இப்பதான் போட்டாங்க. ராணி அக்கா ஊர்லருந்து நேரா ஹரி அத்தான் ஊருக்கு ஃப்ளைட்!

தங்கமயில்: எந்த ப்ளேன்ட்டி?

ஜான்சி: எந்த ப்ளேனா? "வந்துட்டா, வந்துட்டா"ன்னு ரெண்டு பேரும் என் உயிரை எடுத்தீங்களே, அது! கம்பெனிக்காரங்க மூணு ஊரைப் பாத்துட்டு இருந்தாங்கல்ல... அதுல அக்கா ஊரைத்தான் எடுத்திருக்காங்க.

பார்வதியம்மாள்: அந்த ஊரையா? அது கையகல ஊருல்லா! ஏர்போர்ட்டு வேலிக்கு அந்தப் பக்கம் மாடு மேயுதுன்னு ராணியே சொல்லியிருக்கா.

ஜான்சி: அதான் அத்தை இப்ப மேட்டரே. முன்னாடி அட்லாண்டிக்கைத் தாண்டணும்னா பெரிய ப்ளேன்தான். அதை ரொப்பணும்னா பெரிய ஊரு வேணும். இப்ப சின்ன ப்ளேனே அவ்வளவு தூரம் போகுது. நடுவுல ஒரே ஒரு நடைபாதை, ரெண்டு பக்கமும் மூணு மூணு சீட்டு. சின்ன ஊர்லயே ரொம்பிடும்.

தங்கமயில்: நம்ம பக்கம் மினி பஸ் விடுத மாதிரி?

ஜான்சி: அதேதான். மினி பஸ், கடல் மேல.

பார்வதியம்மாள்: மூணுல இந்த ஊர எப்படிப் பொறுக்குனாவ?

ஜான்சி: எந்த ஊர்லருந்து ஜாஸ்தி பேரு சுத்திப் போறாங்கன்னு பாப்பாங்க அத்தை. இப்ப அங்கருந்து பஸ் பிடிச்சு டப்ளின் போகணும், அப்புறம் லண்டன், அப்புறம் டொராண்டோ, அங்கருந்து திரும்ப கிழக்க, ஹரி அத்தான் ஊருக்கு வரணும். அப்படி அலையுறவங்க நிறைய இருந்தா, நேரா ஒண்ணு விட்டா ஓடும்னு தெரிஞ்சுடும். அந்த ஊர்க்காரங்களும் சும்மா இல்ல. கையெழுத்து வாங்கி, மந்திரி வரைக்கும் போயிருக்காங்க.

பார்வதியம்மாள்: அப்ப சுத்திப் போனவங்க கணக்குல நம்ம ராணியும் இருப்பா.

ஜான்சி: ம்... போயிருந்தா இருப்பா.

தங்கமயில்: ஏட்டி! போய் மூஞ்சியக் கழுவு!

பார்வதியம்மாள்: இருக்கட்டும், விடுங்க... சின்ன ப்ளேன்னா ஆடும்லா மைனி?

தங்கமயில்: ஆடாம? அம்புட்டுக் கடலு. காத்து ஒரு அடி அடிச்சா என்னத்துக்கு ஆகும்?

ஜான்சி: பெருசும் அதே காத்துலதான் போகுது.

தங்கமயில்: குளிரு வேற. அந்தக் கடல்ல ஐஸ் மெதக்குமாம்.

ஜான்சி: வெயில் காலத்துல மட்டும்தாம்மா விடுறாங்க. மே மாசம் ஆரம்பிச்சு செப்டம்பர் வரைக்கும்.

தங்கமயில்: பாத்தியளா மைனி! வருசம் பூரா கெடையாதாம்!

பார்வதியம்மாள்: அப்பச் சரிப்படாது. வெயில் காலத்துலதான் ஹரிக்குத் துறைமுகத்துல மூச்சு விட நேரமிருக்காது. கப்பல் வரிசையா வந்து நிக்குமாம்.

தங்கமயில்: ராணிக்கும் லீவு தர மாட்டாவ. அந்த ஊரு நர்சுமாரு எல்லாம் அப்பதான் ஊரச் சுத்தக் கெளம்புவாளுவ. இவதான் தனியா வார்டப் பாக்கணும்.

பார்வதியம்மாள்: பாவம்.

தங்கமயில்: பாவம்தான்.

ஜான்சி: ஏக் மினிட். போன வாரம் இதே இடத்துல உக்காந்து, "ப்ளேன் மட்டும் வரட்டும், மறுநாளே ஏறிடுவா"ன்னு சொன்னது யாரு?

தங்கமயில்: அது... போன வாரம்.

ஜான்சி: சரி, முதல் மாசம் டிக்கெட் சீப்பா போட்டிருக்காங்க. நானே ஹரி அத்தானுக்கு ஒண்ணு பிடிச்சு வைக்கவா?

தங்கமயில்: வேண்டாம்!

பார்வதியம்மாள்: வேண்டாம்ட்டி!

ஜான்சி: அடடா, க்யா பாத் ஹை! ரெண்டு பேரும் ஒரே குரல்ல.

பார்வதியம்மாள்: அதுக்கில்ல... அவனக் கேக்காம எப்படி?

ஜான்சி: கேட்டுருவோம். போன் போடுறேன்.

பார்வதியம்மாள்: தூங்குவான்.

ஜான்சி: அங்க விடிஞ்சாச்சு அத்தை.

தங்கமயில்: வைட்டி போன! பெரியவங்க பேசும்போது நடுவுல நடுவுல...

ஜான்சி: நீங்க எங்க பேசுறீங்கம்மா? போதும். நான் கீழ போய் பாவ் ரொட்டி வாங்கிட்டு வரேன். லேட்டாதான் வருவேன். அதுக்குள்ள ரெண்டு பேரும்... ப்ளீஸ், ஒழுங்காப் பேசிக்குங்க.

பார்வதியம்மாள்: ...என்னமோ கோவமாப் போறா.

தங்கமயில்: வேலை அலைச்சலு.

பார்வதியம்மாள்: ம்.

தங்கமயில்: காப்பி ஆறிட்டு. சூடு பண்ணவா?

பார்வதியம்மாள்: வேண்டாம்... மைனி, நாம இப்பச் சந்தோசமா இருக்கணும்லா?

தங்கமயில்: இருக்கணும்.

பார்வதியம்மாள்: கண்ணு ஏன் கலங்குது?

தங்கமயில்: சுக்கு காரம்... மைனி, காலைல மாத்திரை போட்டியளா?

பார்வதியம்மாள்: போட்டாச்சு.

தங்கமயில்: மூச்சு முட்டு ஒண்ணும் இல்லையே?

பார்வதியம்மாள்: இல்ல. ஏன்?

தங்கமயில்: செவத்துல நல்லா சாஞ்சுக்கிடுங்க. ஒண்ணு சொல்லணும்... ப்ளேன் வராத வரைக்கும் ஒரு சாக்கு இருந்துச்சு. இனி என்னத்தச் சொல்லி உங்கள ஏமாத்த? ராணியும் மாப்பிள்ளையும்... வெலகிட்டாவ மைனி. போன தீவாளி சமயத்துலயே.

பார்வதியம்மாள்: ம், சொல்லுங்க.

தங்கமயில்: சண்ட ஒண்ணும் இல்லையாம். இவ முழிச்சிருக்கப்ப மாப்பிள்ள தூங்குவாரு, அவரு பேச வாரப்ப இவளுக்கு ட்யூட்டி. பிறவு "பேசவே ஒண்ணும் இல்லாமப் போச்சும்மா"ங்கா. எம்மவதான் முதல்ல சொல்லியிருக்கா. உங்க மவன் மேல ஒரு குத்தமும் இல்ல.

பார்வதியம்மாள்: அவ மேலயும் இல்ல.

தங்கமயில்: உங்ககிட்ட வந்து சொல்லணும்னுதான் கெளம்புனேன். பாத்தா நீங்க ஆஸ்பத்திரில மூக்குல குழாயோட கெடக்கிய. அந்த நேரத்துல போய் எப்படி? "அடுத்த வருசம் ரெண்டு பேரும் சோடியா வருவாவ, எந்திரிங்க"ன்னு ஒரு பொய்யச் சொன்னேன். பிறவு அத நிறுத்தத் தெரியல. திட்டணும்னா திட்டிருங்க மைனி, ஆனா சத்தம் போடாதீய, நெஞ்சு தாங்காது.

பார்வதியம்மாள்: அதச் சொல்லையில நீங்க என் கையப் பிடிச்சிருந்திய. என் மூஞ்சிய மட்டும் பாக்கல.

தங்கமயில்: நெனவிருக்கா?

பார்வதியம்மாள்: நான் ஆஸ்பத்திரில சேருததுக்கு முந்தின நாளே ஹரி எனக்குப் போன்ல சொல்லிட்டான்.

தங்கமயில்: முந்தின நாளா? அப்ப... அதக் கேட்டுத்தான் நெஞ்சு வலி வந்துச்சா?

பார்வதியம்மாள்: சீ, அதெல்லாம் இல்ல. கொழுப்பு அடைப்புன்னு டாக்டரே சொன்னாரு.

தங்கமயில்: எல்லாம் தெரிஞ்சுமா வாரா வாரம் ஹார்பர் லைன் ரயில்ல இடிபட்டு வந்து, எங்கூட உக்காந்து அந்த ப்ளேனப் பத்தியே பேசுனிய? "எனக்குத் தெரியும்"னு ஒரு வார்த்த சொல்லியிருக்கப்படாதா?

பார்வதியம்மாள்: எம்மவன் வர முடியல, அவிய கடைய விட்டு நகரல. அந்த வார்டுல தரையில துண்ட விரிச்சு எங்கூடக் கெடந்தது நீங்க ஒருத்திதான். தெரியும்னு சொன்னா அன்னையோட நாம சம்பந்தி இல்லன்னு ஆயிரும்லா... பிறவு எந்த ஒறவச் சொல்லி நான் உங்கள வந்து பாப்பேன்?