தண்ணி குடிச்ச எஞ்சின்

— பொனட்ட மட்டும் திற, ஜெயந்தன். அளவெடுத்துக்கிட்டுப் போறன்.

— வேணாம், ஜிப்ரி நானா.

— ஓட்டமாவடியில கராஜப் பூட்டிப்போட்டு இந்த வெயிலுக்குள்ள வாகரைக்கு வந்திரிக்கன். தார்ப்பாயக் கழட்டவே அரை உசிர் போய்ட்டு. உன்ட ஜீப்புக்குள்ள எலி குடும்பம் நடத்துது, தம்பி.

— இருக்கட்டும்.

— எலியா?

— எல்லாம்.

— சரி, அத விடு. புது மொடல் ஜீப் வரப்போகுதாம். கம்பனிக்காரன் நம்மட வட்ஸ்அப் ஜீப் குழுவிட்டயும் கேட்டிரிக்கான், என்னென்ன வேணுமெண்டு. ஏறாவூர் றிப்ஷானுக்குக் கூரையில கூடாரம் வேணுமாம். பொண்டாட்டி ஊட்ட விட்டுத் துரத்தினா படுக்க.

— ம்.

— சிரிக்க மாட்டாய். மறுகா, பாசிக்குடா ரதீஸ் பெரிய திரை வேணாமெண்டான். நனைஞ்ச விரலுக்கு வேலை செய்யாதாம். திருகிற குமிழ்தான் வேணுமாம்.

— அது சரி. முன் அச்சும் ஒரே இரும்பா இருக்கணும். இல்லாட்டிக் களப்புச் சேத்துக்குள்ள சரிவராது.

— பாத்தியா, வாய் திறக்கிறாய்! முந்தி நீதானே குழுவில ஆகக் கூடக் கதைக்கிற ஆள். பழைய உருவம் மாறக்கூடா, கதவு கழட்ட வரணும், காட்டுக்குள்ள நிண்டாலும் சாதாரணச் சாவியால நட்டக் கழட்டணும்... ராப்பகலா வொய்ஸ் போடுவாய். உன்ட தனுஷியா ஏசுவா, "இவர் ஜீப்பையே கட்டியிருக்கலாம்" எண்டு.

— போதும், நானா.

— சரி, சரி. வந்த விசயத்தச் சொல்றன். கம்பனிக்கு அனுப்புற பட்டியல்ல முதலாவதாத் தண்ணியத்தான் போடப் போறம். ஒரு மீற்றர் தண்ணிக்குள்ள இறங்கினாலும் எஞ்சின் நிக்கக்கூடா. அத நீ உன்ட வாயால பேசி அனுப்பு. வெள்ளம் றோட்ட மேவிப் பாய்ஞ்ச தாம்போதி நடுவுல ஜீப் நிண்டத, ட்ரெக்டர் வந்து இழுக்குமட்டும் தனுஷியா புள்ளப்பெறு வலியோட உள்ளுக்குக் கிடந்தத, அவவும் புள்ளையும் போனத. கேட்டா எந்தக் கம்பனிக்காரனும் மறுக்க மாட்டான்.

— என்னால ஏலா.

— அப்ப நான் பேசுறன். எனக்கும் சொல்ல இரிக்கி. உன்ட ஜீப்புக்கெண்டு எடுப்பிச்ச காத்திழுக்கிற குழாய் என்ட கராஜிலதானே வந்து கிடந்த? அதக் கூரைமட்டும் உசத்திப் பூட்டியிருந்தா எஞ்சினுக்குள்ள தண்ணி போயிரிக்காது. என்ட தங்கச்சிட கலியாணம் முடியட்டும் எண்டு நான்தான் பிந்தினன்.

— நீங்க ஒண்டும் செய்யல்ல, நானா.

— அதத்தான் நானும் சொல்றன். ஒண்டும் செய்யல்ல. இண்டைக்காவது அளவெடுத்துப் பூட்டித் தாறன். தள்ளு அங்கால.

— திறக்காதீங்க.

— திறந்திட்டன். யா அல்லாஹ், என்ன தூசி! இந்தா, எயார் பில்டரக் கழட்டினாத்தான் குழாய்ட வாய் அளவு தெரியும்...

— மூடுங்க, நானா.

— பொறு. இது காஞ்சு கிடக்கு. சேத்துத் தண்ணி பட்டா கடதாசி ஊதிக் கறை பிடிச்சிரிக்கும். ஒரு கறையும் இல்ல. அந்த ஒயில் கம்பிய இழு.

— விடுங்க.

— நானே இழுக்கிறன். தண்ணி கலந்த ஒயில் பால்தேத்தண்ணி மாதிரி இரிக்கும். இது நல்ல கறுப்பு. ஆர்ட்டக் குடுத்துத் திருத்தின?

— ஆர்ட்டயும் இல்ல.

— அப்ப இது தண்ணி குடிச்ச எஞ்சின் இல்ல, தம்பி.

— ம்.

— ஜீப் நிக்கல்லயா?

— இல்ல. ஒரே இழுவையில தாம்போதியக் கடந்திச்சு. அவ வலிக்குள்ளயும் சிரிச்சவ. "குழாய வேற ஆருக்காவது விக்கச் சொல்லுங்க ஜிப்ரி நானாவ" எண்டவ.

— மறுகா?

— ஆஸ்பத்திரிக்கு நேரத்துக்குப் போய்ச் சேந்தம். வாசல்லயே ஏந்தி எடுத்தாங்க. செய்யக் கூடிய எல்லாம் செய்தாங்க. ரெத்தம் நிக்கல்ல.

— டேய், அந்தக் குழாயப் பாக்க ஏலாம சாக்கால மூடி வெச்சிரிக்கன்டா. தொழுகையில நிண்டாலும் அதுதான் கண்ணுக்குள்ள நிக்கிது. ஏன்டா ஜீப் நிண்டதெண்டு சொன்ன?

— நீங்க இப்பிடிச் சுமப்பீங்க எண்டு நினைக்கல்ல.

— ஏன் சொன்னாய் எண்டு கேக்கிறன்!

— மாமி, தனுஷியாட அம்மா, என்ட சேட்டப் பிடிச்சு உலுப்பிக் கேட்டா, எதில பிழை, எதில பிழை எண்டு. ஒண்டிலயும் பிழையில்ல எண்டு அந்த முகத்தப் பாத்து எப்பிடிச் சொல்ற, நானா?