சுப்புராயன் சுட்ட மொகம்

எல்லாரும் நல்லா இருக்கீங்களா? சாப்ட்டாச்சா? பக்கத்துல ஆளு இருந்தா படிங்க. இல்லன்னா காலைல படிச்சிக்கலாம், ஒண்ணும் ஓடிப் போவாது.

சாயங்காலம் ஆறரை மணி. விருத்தாசலத்துல செராமிக் கம்பெனிங்களுக்குப் பின்னால, ஒடஞ்ச பீங்கான் கொட்டுற மேடு இருக்குது பாருங்க... அந்த ரோட்டுல கனகா தனியா நடக்கறா. இடுப்புல, துண்டுல சுத்தின ஒரு சாமான்.

கனகா என் சிநேகிதி தங்கம்மாளோட மருமவ. மவன் சுப்புராயனுக்கு ரெண்டாந்தாரம். மொத பொண்டாட்டி ராஜாம்பா, தொண்டைல கேன்சர் வந்து போயிட்டா. பாண்டிச்சேரில ஏழு வாரம் கரண்டு வெச்சாங்க, அதான் அந்தக் கதிர் வைத்தியம். தல அசையக் கூடாதுன்னு, வெந்நீர்ல எளக்கின வலை மாதிரி பிளாஸ்டிக்க மொகத்து மேல அமுக்கி, அவ அளவுக்குன்னே ஒரு மூடி செஞ்சாங்க. முடிஞ்சதும் வூட்டுக்குக் குடுத்துட்டாங்க.

சுப்புராயனுக்குப் பொம்ம கம்பெனில வேல. அவ போனதும் அந்த மூடிக்குள்ள களிமண்ண அமுக்கி, சூளைல சுட்டு எடுத்து, வூட்டுச் செவுத்துல மாட்டிட்டான். ராஜாம்பா மொகமே... கண்ணு மூடி, மொகம் பூரா வலைத் தடம். சுட்டா மண்ணு சுருங்கும்ல, ஒரு சுத்து சின்னதாப் போச்சு. சரியா கனகா மொகம் அளவு. அது எனக்குப் பின்னாலதான் தோணுச்சு.

தெனம் வேலவுட்டு வந்ததும் ஈரத்துணியால அதத்தான் தொடைப்பான். அப்பறந்தான் கனகாகிட்ட தண்ணி கேப்பான்.

"என் மொகத்துல வேர்வ வழியுது, அத யாரு பாத்தா? மண்ணத் தொடைக்கிறாரு அத்தே"ன்னு மாமியாகிட்ட அழுதிருக்கா.

அன்னிக்கு அவன் ஸ்ரீமுஷ்ணம் போயிருந்தான். அந்த மண்ணு மொகத்தத் தூக்கிட்டு வந்துட்டா.

மேட்டுல துண்டப் பிரிச்சா... சூடு. இப்பத்தான் சூளைலேருந்து எடுத்தாப்ல. பச்ச மண்ணு வாசன வேற. ஒரே வீச்சு. சிலீர்னு ஒடஞ்சுது. அப்பறம் ங்ங்ங்...னு ஒரு சத்தம். நிக்குது. மறுபடியும் ங்ங்ங்... சுத்தி ஒரு மிஷினும் இல்ல. பின்னால கனகா இதச் சொன்னதுமே தங்கம்மாளுக்குத் தெரிஞ்சுபோச்சு. ஏழு வாரம் ராஜாம்பாவுக்குக் கரண்டு வெச்ச ரூம் வாசல்ல ஒக்காந்து கேட்ட சத்தமாம்.

சுப்புராயன் வந்தான். செவுத்துல வெறும் ஆணி. அவன் அதப் பாக்கவே இல்ல. துணிய நனைச்சிட்டு வந்து கனகா மொகத்தத் தொடைச்சான். மெதுவா... அவ ஏங்கின மாதிரியே.

"கண்ண மூடிக்கோ ராஜாம்பா"ன்னான்.

கனகா கண்ணாடில பாத்தா, அவ மொகம் பூரா வலைத் தடம். இன்னிக்கும் போவல.

உங்க வூட்லயும் அந்த மாதிரி மூடி இருக்குதா? எதாச்சும் நடந்திருந்தா எழுதுங்க, படிக்கிறேன். போன வாரம் நான் தங்கம்மாள் வூட்டுக்குப் போயிருந்தேன். "கனகா, நல்லாருக்கியா"ன்னு ரெண்டு தரம் கேட்டேன். திரும்பல. தங்கம்மாள் என்னப் பாத்துட்டு, மெதுவா அந்த இன்னொரு பேரச் சொன்னா.

திரும்பினா.