வாட்ச்மேன் பார்க்கிற படம்

அய்யோ, கதவை உதைக்காதீங்கக்கா, கால்தான் வலிக்கும். லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுடுச்சு, அந்தப் பக்கம் வெறும் சுவரு. கத்திப் பார்த்தாச்சு, தட்டிப் பார்த்தாச்சு, தொண்டைத்தண்ணி வத்தினதுதான் மிச்சம். அந்த மணியா? அது செத்து ரொம்ப நாளாச்சு. சும்மா சும்மா யாராவது அழுத்திடறாங்கன்னு உங்க மேனேஜர்தான் கழட்டச் சொன்னாரு. கேமரா இருக்கே, மணி எதுக்குன்னாரு.

ஆமா, அந்தக் கேமராதான். மாட்டினதே நான்தான். இல்லக்கா, நான் லிஃப்ட்காரன் இல்ல, கேமராக்காரன். லிஃப்டைப் பத்தி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. நீங்க அக்கவுண்ட்ஸ்தானே? பார்த்திருக்கேன்.

கையை ஆட்டுறதா... ஆட்டுங்க, வேணாங்கலை. எல்லாரும் போனதும் வாட்ச்மேன் அண்ணன் கீழ ஸ்கிரீன்ல ஒரு பார்வை பார்ப்பாரு. லிஃப்டுல ஆள் இல்லைன்னா மெயின் சுவிட்சை அணைச்சு, கேட்டைப் பூட்டிட்டுக் கிளம்புவாரு. பொறுப்பான மனுஷன், பார்க்காம அணைக்க மாட்டாரு. நாளையிலேர்ந்து லீவு வேற.

போனா? இந்த இரும்புப் பெட்டிக்குள்ள சிக்னல் எங்கேர்ந்து வரும். என்னோடது கீழ, லேப்டாப்புல சொருகிக் கிடக்கு.

இந்தக் கேமரா என் உயிரை வாங்கிடுச்சுக்கா. சாதாரண யூஎஸ்பி கேமராதான், கம்ப்யூட்டர்ல சொருகினா சமத்தா இருக்கும். இங்க லிஃப்ட் கூரை மேல ஒரு போர்டு வச்சிருக்கேன், சீட்டுக்கட்டு அளவு குட்டிக் கம்ப்யூட்டர், லினக்ஸ் ஓடுது, அதுதான் படத்தைக் கீழ ஸ்கிரீனுக்கு அனுப்புது. அதுல சொருகினா போச்சு. லிஃப்ட் கிளம்பும்போது ஒரு குலுங்கு குலுங்குதுல்ல, அப்ப கரண்ட் கொஞ்சம் குறையும், கேமரா பொத்துனு விழுந்துடும். திரும்ப எழுந்துக்கும், ஆனா வேற நம்பர்ல எழுந்துக்கும். போர்டு பாவம், பழைய நம்பரையே கூப்பிட்டுட்டு இருக்கும். காலி பண்ணிட்டுப் போனவன் வீட்டுக் கதவைத் தட்டற மாதிரி. ஒயரை மாத்தினேன், தனியா பவர் குடுத்தேன், படத்தோட அளவைக் குறைச்சேன். ம்ஹூம். நம்பரை விட்டுட்டுப் பேரை வச்சுத் தேடச் சொல்லணும், அதுதான் வைத்தியம். லீவு முடிஞ்சு வந்து பண்ணலாம்னு விட்டேன். ஸ்கிரீன் கறுப்பானா போதும், உங்க மேனேஜர் என்னைக் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்துடுவாரு. எப்படியாவது கறுப்பு தெரியாமப் பண்ணுய்யா, இல்லைன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்னுட்டாரு. பொழப்பாச்சேக்கா.

குழந்தையா? எங்க, காப்பகத்துலயா? அடக் கடவுளே. யாராவது போய்க் கூட்டிக்குவாங்கல்ல? அழாதீங்கக்கா, கண்ணைத் துடைச்சுக்கங்க. உங்களையாவது தேடிட்டு வருவாங்க. நான் இங்கேர்ந்து அப்படியே வெளியூர் வேலைக்குப் போறேன்னு வீட்டுல சொல்லிட்டு வந்திருக்கேன், என்னை ஒரு நாதி தேடாது.

என்ன? பச்சை லைட்டா? ஆமா, கேமரா படம் எடுத்துட்டிருந்தா அது எரியும். எரியலைதான். ஏறும்போதே பார்த்தேன். கீழ போய்ப் பார்த்துக்கலாம்னு இருந்தேன். நாம கூப்பிட்டு இது காலியாக் கிளம்பி வந்துதில்ல, அந்தக் குலுங்கல்லயே விழுந்திருக்கும்.

வாஸ்தவந்தான். கறுப்பா இருந்தா வாட்ச்மேன் ஏறி வந்து பார்ப்பாரு. நேத்து வரைக்கும் அப்படித்தான், கறுப்பாச்சுன்னா முனகிட்டே படியேறி வந்து ஒவ்வொரு மாடியாத் தட்டிப் பார்ப்பாரு.

அது வந்துக்கா... கறுப்பாகாது. இன்னைக்குக் காலையிலதான் அதைச் சரி பண்ணினேன். புதுப் படம் வரலைன்னா கடைசியா வந்த நல்ல படத்தையே காட்டிட்டு இருன்னு போர்டுக்குச் சொல்லி வச்சுட்டேன். மேனேஜருக்குப் பரம சந்தோஷம், தோளைத் தட்டிக் குடுத்தாரு. இப்ப கீழ நல்லா பளிச்சுனு தெரியும். மூடின கதவு, துடைச்ச கண்ணாடி, காலி லிஃப்ட்.

கையைக் கீழ போடுங்கக்கா, எவ்வளவு நேரம்தான் ஆட்டுவீங்க.

என்ன, ஃபேன் நின்னுடுச்சா? ஐயோ, லைட்டும்... இருங்க, இருங்க, நகராதீங்க, நான் இங்கதான் இருக்கேன். ஒண்ணுமில்லக்கா. வாட்ச்மேன் அண்ணன் படத்தைப் பார்த்துட்டாரு.