வெந்நீர் ஊருக்குப் போன ஹீட்டர்

சிங்கப்பெருமாள் கோவிலில் ஷேர் ஆட்டோ கிளம்பியது. எதிரில் கம்பெனி யூனிஃபார்மில் இரண்டு பெண்கள். இளையவர் சொன்னார்:

“எம் பொண்ணு படிக்கிற ஊர்ல சாக்கடை மூடியிலேர்ந்து ஆவி வருதாம்க்கா.”

“ஜப்பான்லயா? ஏன்டி?”

“பின்னாடி எரிமலையாம், முன்னாடி கடலாம். எங்க தோண்டுனாலும் வெந்நீராம். அந்தக் காலத்துல முட்டிவலிக்காரங்க குளிக்க வந்த ஊரு. அப்பால மலைமேல யூனிவர்சிட்டி கட்னாங்களாம்.”

“நல்லதாப் போச்சு.”

“இன்னா நல்லது? குளிருமேன்னு தண்ணி காயவைக்கிற ராடு வாங்கிப் பொட்டில வெச்சு அனுப்பிட்டேன். ஹாஸ்டலே சிரிச்சுதாம்.”

“தூக்கிப் போடச் சொல்லேன்.”

“வேணாம்னுட்டேன். படிச்சு முடிச்சதும் பத்திரமா எடுத்தாந்து எங்கையில குடுன்னுட்டேன்.”

“இங்க ராடு கெடைக்காதா?”

“ராடு கெடைக்கும்க்கா. அவ வூட்டுக்கு வரணுமில்ல.”