கீழ்ப்பல்லுக் கம்பி

வாய் கொப்பளிக்கிற உப்புத் தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்று பலருக்கும் தெரிவதில்லை. கை பொறுக்கிற சூடு வாய்ப் புண்ணுக்குக் கூடுதல். கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூடு போதும்.

நீங்கள் கேட்டது இதையல்ல என்று எனக்குத் தெரியும், டொக்டர். தம்பியின் வாய்க்குள் இருந்த கம்பியின் நுனி எப்படி மேலே வளைந்தது என்று கேட்டீர்கள். தானாக அப்படி வளையாது என்றும் சொன்னீர்கள். அது சரிதான்.

நான் பாலேஸ்வரி. நல்லூரில் டொக்டர் கனகசபாபதியின் பல் வைத்திய அறையில் பதினான்கு வருடம் உதவிக்கு நின்றவள். அவர் குடும்பத்தோடு கொழும்புக்குப் போனபோது அறையைப் பூட்டித் திறப்பை என்னிடம்தான் தந்துவிட்டுப் போனார். தேவராசா என் ஒரே தம்பி. வீட்டில் ராசன் என்று கூப்பிடுவோம். அம்மா இறந்தபோது அவனுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபத்துநான்கு. அவனுடைய கீழ்ப்பற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன. சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்திக்கொள்வான். கனகசபாபதி டொக்டரைக் கொண்டு இரண்டு வருடமாக அவற்றை நேராக்குவித்தேன். நேரான பல் பழைய இடத்துக்கே போகப் பார்க்கும். அதற்காக முன்பற்களின் உள்பக்கத்தில் மெல்லிய கம்பியொன்றைப் பசைபோட்டு ஒட்டினார். கழற்றி மாட்டுகிற கம்பியல்ல, ஆயுளுக்கும் இருக்க வேண்டியது. அளவெடுத்து வெட்டிக் கொடுத்தது நான்.

அந்தக் கம்பிக்கடியில் சோறு தங்கும். நூல் விட்டு எடுக்காவிட்டால் பல்லடிச் சதையான முரசு வீங்கிவிடும். தினமும் காலையில் அவனை முற்றத்து வெளிச்சத்தில் கதிரையில் இருத்தி நானே எடுத்துவிடுவேன். ரியூசன் கொட்டிலில் கணக்குப் படிப்பிக்கப் போகத் தொடங்கிய பிறகும் அப்படித்தான்.

“நானே செய்யிறன் அக்கா” என்பான்.

“உனக்கு உள்பக்கம் தெரியாது” என்பேன். வாயைத் திறப்பான்.

தொண்ணூற்றொன்றில், பாரிசில் இருந்த ஒன்றுவிட்ட அண்ணை செல்வரட்ணம் அவனைக் கூப்பிட்டார். ஊரைவிட்டு வெளியேற இயக்கத்தின் பாஸ் கிடைத்தால் நாக்கில் அலகு குத்திக் காவடி எடுப்பதாக ராசன் நேர்ந்துகொண்டான். ஆடி மாதம் பாஸ் கிடைத்தது.

அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கூட்டிய முற்றத்தையே திரும்பக் கூட்டினேன். உலையை வைத்துவிட்டு ஒழுங்கை முனைவரை போவேன், எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்பி வருவேன். ஒருநாள் சைக்கிளை எடுத்துப் புத்தூர்வரை ஓடிப்போய், ஒருவரையும் பாராமல் அப்படியே திரும்பினேன். அவன் பையில் அடுக்கிய உடுப்புகளை வெளியே எடுத்துத் திரும்பத் திரும்ப மடித்தேன்.

“என்னக்கா, நிலத்திலை கால் பாவாமல் திரியிறியள்?”

“ஒண்டுமில்லை. வெக்கையாக் கிடக்கு.”

காவடி எங்கள் அம்மாவின் ஊரான சண்டிலிப்பாயில், ஒரு சின்ன முருகன் கோயிலில். அலகை நானே இருபது நிமிடம் அவித்தேன். குத்துகிற சிவக்கொழுந்து அண்ணையின் கையையும் கழுவ வைத்தேன்.

“முருகன்ரை வேலுக்குச் சவுக்காரமோ தங்கச்சி?” என்று சிரித்தார். ஆனாலும் கழுவினார்.

வெள்ளி வேல் நாக்கினூடாகப் போனபோது ஒரு பொட்டு இரத்தம் வரவில்லை. அலகினால் வந்த புண் என்று நீங்கள் முதலில் எழுதியிருந்தீர்களாம். அதை வெட்டிவிடுங்கள். அந்த மனிதரின்மேல் பழி போகக்கூடாது. மூன்றாம் நாளே நாக்குப் புண் ஆறிவிட்டது.

பயணம் வெள்ளிக்கிழமை என்று இருந்தது. வியாழன் பின்னேரம் அவனைக் கூப்பிட்டேன். “அங்கை போனால் உன்ரை கம்பியை ஆர் பாப்பினம்? ஒருக்காப் பாத்துவிடுறன், வா.”

கதிரையில் இருந்து கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தான். கனகசபாபதி டொக்டரின் சாமான்கள் என்னிடம் இருந்தன. கம்பியின் ஒரு நுனியில் பசையைச் சுரண்டினேன். நுனி விடுபட்டதும் சிறிய குறட்டால் பிடித்து அரை நெல்லளவு மேலே வளைத்தேன். நாக்கை அசைக்கும்போதெல்லாம் அலகு போன இடத்தில் அது உரசும்.

“ஏதோ குத்துது அக்கா.”

“துப்புரவாக்கினால் ஒரு நாளைக்கு அப்பிடித்தான் இருக்கும்.”

காலையில் நாக்கு தடித்துப் பேச்சுக் குழறியது. உடம்பும் சுட்டது. பயணத்தைத் தள்ளிப் போட்டான். அன்று மத்தியானம் பல நாட்களுக்குப் பிறகு நான் இருந்து சாப்பிட்டேன்.

அந்த ஒரு வெள்ளிக்கிழமைக்காகத்தான் அதைச் செய்தேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஆனால் வீக்கம் வற்றியவுடன் அவன் திரும்பவும் கடலேரியைக் கடக்க வள்ளம் விசாரிக்கப் போனான். என் கால்களும் திரும்ப நடக்கத் தொடங்கின. முற்றம், ஒழுங்கை, கிணற்றடி. அதனால் கம்பியைத் திரும்பப் பார்த்தேன். எல்லாமாக ஐந்து தடவை. இடையில் வைத்தியத்தில் ஒரு குறையும் விடவில்லை. நேரம் தவறாமல் உப்புத் தண்ணீர், கராம்பு எண்ணெய், ஆறவைத்த கஞ்சி. என்னைப்போல் பார்க்க வேறொருவரால் முடியாது.

பிறகு அவனால் கதைக்க முடியாமல் போயிற்று. படிப்பிக்கிற கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டுவான். ‘கம்பியைக் கழட்டுங்கோ’ என்று எழுதினான். “கழட்டினால் பல்லெல்லாம் பழையபடி கோணிப்போகும். இவ்வளவு காலமும் பட்ட பாடு என்னத்துக்கு?” என்றேன். ‘ஆஸ்பத்திரி’ என்று எழுதினான். அங்கே மருந்தில்லை, போகிற வழியில் குண்டு விழுகிறது என்றேன். இரண்டும் உண்மை.

அவனோடு படிப்பிக்கிற யசிந்தா என்ற குருநகர்ப் பிள்ளை ஒருநாள் சைக்கிளில் வந்தாள். யாரிடமோ கெஞ்சிப் பதினாறு குளிசைகள் வாங்கி வந்திருந்தாள். உள்ளே தூள் மருந்து அடைத்த கூட்டுக் குளிசைகள்.

“ஆறு மணித்தியாலத்துக்கு ஒண்டு, அக்கா. விடாமல் குடுங்கோ.”

“நான் பாத்துக்கொள்ளுவன். நீர் போம் பிள்ளை.”

அவள் போன பிறகு கூடுகளைப் பிரித்து, உள்ளே இருந்த மருந்தைக் கொட்டிவிட்டுக் கோதுமை மாவை அடைத்தேன். மருந்தை வீணாக்கவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காது ஒழுகியது. தேனில் குழைத்துக் கொடுத்தேன். நான்கு நாளில் சுகம். அந்தத் தாய் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

ராசன் ஒவ்வொரு குளிசையையும் விழுங்கக் கால்மணி நேரம் எடுத்தான். நான் முதுகைத் தடவிக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

குளிசை தொடங்கிய ஐந்தாம் நாள் தாடைக்குக் கீழே வீங்கிக் கழுத்து கல்லாய் இறுகியது. மூச்சு இழுத்தது. அந்த நேரம் பார்த்து யசிந்தா வந்தாள். மேசையில் மிஞ்சியிருந்த ஒரு குளிசையை உடைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.  வெளியே ஓடிப்போய் பெட்டி பூட்டிய லான்ட்மாஸ்ரர் உழவு மெசின் ஒன்றை மறித்துக் கொண்டுவந்தாள். இரண்டு பேர் அவனைத் தூக்கி ஏற்றினார்கள். எனக்கு இடமில்லை என்றாள். நான் பின்னால் நடந்தே வந்தேன்.

நீங்கள் கழுத்தைக் கீறி அவனைக் காப்பாற்றினீர்கள். நாக்கின் முன்பாதி அழுகிவிட்டதால் வெட்ட வேண்டியதாயிற்று என்றீர்கள். உயிருக்குப் பயமில்லை என்றீர்கள். அதற்காக உங்களுக்கு நன்றி சொல்லத்தான் இவ்வளவு நேரமும் காத்திருந்தேன்.

ஓம், கம்பியை வளைத்தது நான்தான். மருந்தை மாற்றியதும் நான்தான். எங்கே கையெழுத்து வைக்க வேண்டுமோ அங்கே வைக்கிறேன்.

அவன் எழுதியதாக நீங்கள் காட்டிய அந்தத் துண்டையும் பார்த்தேன். ‘அக்காவை என்னட்டை விடாதேங்கோ.’ எழுத்து அவனுடையதுதான். ஆனால் காய்ச்சல்காரன் எழுதியதை நீங்கள் பெரிதாக எடுக்கக்கூடாது. வாசலில் வாங்குப் பலகை போட்டு மறித்துக்கொண்டு இருக்கிற அந்தக் குருநகர்ப் பிள்ளையை எழும்பச் சொல்லுங்கள். இனி அவன் கதைக்க மாட்டான் என்று எனக்காக நீங்கள் கவலைப்படவும் வேண்டாம். அவனுக்கு என்ன வேண்டும் என்று, அவன் சொல்லாமலே எனக்கு எப்போதும் விளங்கும்.