சின்ன அளவுப் பலகை

"செஞ்ச பெட்டி கடையில நின்னா அது ஆளக் கூப்பிடும், மொதலாளி. பலகையாவே கெடக்கட்டும். ஆள் வந்து கேட்ட பொறகு ஆணி அடிச்சுக்கலாம்."

நாவலப்பிட்டியிலிருந்து கண்டிக்குப் போகும் ரயிலில் எனக்கு எதிரே இருந்த தச்சர் இப்படிச் சொன்னார். அவர் பக்கத்தில் சவப்பெட்டிக் கடை முதலாளி, பித்தளைக் கைப்பிடிகள் நிறைந்த சாக்கை மடியில் வைத்துக்கொண்டு, இருப்புக்கொள்ளாமல் நெளிந்தார். மலேரியா வீட்டுக்கு வீடு புகுந்திருந்த சமயம் அது.

"அதையா நான் குத்தம் சொன்னேன், ஆசாரி? பெரியவங்க அளவுக்கு அறுத்து அடுக்கியிருக்கே. சின்னப் புள்ளைங்க அளவுக்கு ஒன்னுகூட இல்லையே. நேத்து வந்தவங்களுக்கு என்ன செஞ்சே?"

"பெரிய பலகையக் கொறைச்சு அடிச்சுக் குடுத்தேன். நீளமா இருந்தா எந்த அளவுக்கும் வெட்டிக்கலாம்."

"மரம் வீணாப் போகுதுல்ல? சின்னதையும் முன்கூட்டியே அறுத்து வைன்னு எத்தன தடவ சொல்றது?"

தச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அளவு எடுக்கப் போனா ஒங்க பாப்பா ஒசரந்தான் கண்ணுக்கு வருது. அது கண்டியில காய்ச்சலாப் படுத்திருக்கயில என் கை எப்பிடி அறுக்கும்?"

கம்பளை வந்தது. முதலாளி சாக்கோடு எழுந்துவிட்டார்.

"இந்த ரயில் ஏன் இவ்வளவு நேரம் நிக்குது?"

ரயில் அப்போதுதான் நின்றிருந்தது.