ஆடாமல் நிற்கவும்

— அந்தப் புகாரை மூடுங்கக்கா. ஒரே ஒரு பொத்தான். அழுத்தினா நானும் கிளம்புவேன், நீங்களும் கிளம்புவீங்க.

— மாட்டேன் தம்பி.

— மாட்டேன்னா?

— மாட்டேன்னா மாட்டேன்தான், அதுக்கு அகராதியா பார்க்கணும்? அந்தப் புகார் திறந்தே கிடக்கட்டும். மூடியே ஆகணும்னா நீங்க மூடுங்க, உங்க பேர்ல.

— நான் மூடினா செல்லாது. சோதனைப் பிரிவுக்குத் தலைவி நீங்க. நீங்க ‘சரி’ போட்டாத்தான் ஆப் வெளிய போகும். அது தெரிஞ்சுதானே இப்படி மல்லுக்கு நிக்கிறீங்க?

— பின்ன? தெரியாம நிக்க நான் என்ன நேத்து வேலைக்கு வந்தவளா?

— லாஜிக்கா பேசுங்கக்கா. நாளைக்குக் காலையில வெளியீடு. கீழே மேடை போட்டாச்சு. முதலாளி பத்திரிகைக்காரங்களுக்கெல்லாம் சொல்லியாச்சு. ஒரு வருஷ உழைப்பை ஒத்தைப் புகாருக்காக நிறுத்தச் சொல்றீங்க.

— சரி, லாஜிக்காவே பேசுவோம். எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு வச்சுக்கங்க. நாளைக்குப் பத்திரிகைக்காரன் கேட்கிறான். இந்தக் கேமரா ஆப் என்னதான் பண்ணுது?

— நீங்க ஒரு தடவை அழுத்தினா அது ஒன்பது படம் எடுக்குது. ஒன்பதையும் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குது. எல்லாத்துலயும் ஒரே எடத்துல இருக்கிறதை வச்சு ஒரே படமாக் குடுக்குது. விளக்கு வெளிச்சத்துல எடுத்தாலும் பட்டப்பகல் மாதிரி பளிச்சுன்னு வரும்.

— ஒரே எடத்துல இல்லாததை?

— கழிச்சுடும். அது கலங்கலாத்தானே தெரியும்? யாருக்கு வேணும் அது?

— கழிச்ச எடத்துல என்ன வரும்?

— பின்னால இருக்கிற சுவரை வச்சு நிரப்பிடும். தடமே தெரியாது. அதுதான் இதுல ஒசத்தி.

— அந்தச் சுவருக்கு முன்னால நின்ன மனுஷன்?

— ஓரத்துல நடக்கிற ஒரு விஷயத்தை நடுவீட்டுல கொண்டாந்து வைக்கிறீங்க. ஆயிரத்துல ஒருத்தருக்கு நடக்கும்.

— அந்த ஆயிரத்துல ஒருத்தர் எழுதினதைப் படிக்கட்டுமா? வெளியீட்டுக்கு முன்னால சோதிச்சுப் பார்க்கக் குடுத்தோம்ல, அவங்ககிட்டேருந்து இந்த மாசம் வந்த கருத்துங்க. நீங்க ஒண்ணையாவது படிச்சீங்களா?

— எண்ணிக்கை பார்த்தேன். சராசரி நாலரை நட்சத்திரம்.

— நட்சத்திரம் பார்க்க நீங்க என்ன ஜோசியரா? கேளுங்க. ‘என் நாய்க்கு வாலைக் காணோம். நல்லா இருந்த வால். திருப்பிக் குடுங்க.’

— சிரிப்புக்கு எழுதினது.

— இது டிரம்ஸ் வாசிக்கிற ஒருத்தர். ‘கச்சேரியில எடுத்த படத்துல எனக்கு முழங்கையோட கை முடிஞ்சு போச்சு. குச்சி மட்டும் ஒண்ணு அந்தரத்துல நிக்குது. என் பொண்டாட்டி இதை ஃப்ரேம் போட்டு மாட்டிட்டா.’

— அவருக்கு ஒரு மன்னிப்பு மெயில் அனுப்பிடலாம்.

— இருங்க, இப்பத்தான் வருது. ஒரு அம்மா எழுதியிருக்கு. ‘என் பொண்ணு ஒரு எடத்துல நிக்க மாட்டா. முன்னும் பின்னும் ஆடிக்கிட்டே இருப்பா, பொறந்ததுலேருந்தே அப்படித்தான். அவளோட நான் எடுத்துக்கிட்ட அத்தனை படத்துலயும் நான் வெறுங்காத்தைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன்.’

— அதுக்குப் பதில் போட்டிருப்போமே.

— நாம என்ன பதில் போட்டோம் தெரியுமா? ‘போனை அசையாமல் பிடிக்கவும். எங்கள் ஆப்பைப் பயன்படுத்துவதற்கு நன்றி.’ கடைசியில ஒரு சிரிக்கிற மூஞ்சி.

— அது தானா போற பதில்க்கா. யாரும் உக்காந்து எழுதறதில்ல.

— அந்தம்மா உக்காந்துதான் எழுதியிருக்கு. ‘போன் அசையல. அசைஞ்சது என் பொண்ணு. அவளை ஆடாதேன்னு சொல்ல ஏற்கெனவே ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க. இப்ப நீங்க வேறயா? உங்க நன்றியை நீங்களே வச்சுக்கங்க.’ அந்தம்மா கையைப் புடிச்சுக் குலுக்கணும் போல இருந்துச்சு எனக்கு.

— எனக்கும் மனசு இருக்குக்கா. அடுத்த வெர்ஷன்ல பார்த்துடுவோம். இப்போதைக்கு திரையில ஒரு குறிப்பு போட்டுடலாம். ‘ஆடாமல் நிற்கவும்.’ ரெண்டே வார்த்தை. வேலை முடிஞ்சது.

— கட்டிலுக்கு ஏத்த மாதிரி காலை வெட்டுன கதையா இருக்கே! ஆப் கத்துக்காது, ஊரு கத்துக்கணுமா?

— போன தடவையும் இப்படித்தான் குதிச்சீங்க. எல்லா மூஞ்சியிலயும் பனி மூடியிருக்கு, ஆப் உருப்படாதுன்னு ஒரு வாரம் நிறுத்தி வச்சீங்க. பத்து பேர் ராவும் பகலும் ஆப்போட கோடிங்கைக் கிளறினோம். கடைசியில என்ன? நீங்க கையில பூசிக்கிட்ட க்ரீம் லென்ஸ்ல ஒட்டியிருந்துச்சு.

— ஆமாம், ஒட்டியிருந்துச்சு. எல்லாரும் சிரிச்சாங்க, நானும்தான் சிரிச்சேன். அதுக்காக இனிமே வாயைத் தைச்சுக்கவா?

— முதலாளி அதை மறக்கல. நேத்துகூட சொன்னார். உங்க ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது, புதுப்பிக்கணுமா வேணாமான்னு நாளைக்கு மேல யோசிப்போம்னார். நான் மிரட்டல. நடந்ததைச் சொல்றேன்.

— மிரட்டினாலும் பரவாயில்ல தம்பி. வீட்டுல பள்ளிக்கூடம் போற ரெண்டு பசங்க இருக்காங்க, இந்த வேலை எனக்கு வேணும்தான். ஆனா நான் ‘சரி’ன்னு போட்டா அதுக்கு ஒரு அர்த்தம் இருக்கணும். நான் பார்த்தேன், சரியா இருக்குன்னு சொல்ற கையெழுத்து அது. பார்க்காத மாதிரி நடிக்கிறதுக்கு ஆள் வேணும்னா நாடகக் கம்பெனியில தேடச் சொல்லுங்க.

— ஆப் மொத்தமும் மட்டம்ங்கிற மாதிரியே பேசறீங்களே! மேடைக்குப் பின்னால தொங்குற படத்தைப் பார்த்தீங்களா? இந்த ஆப்ல எடுத்ததுதான். ஒரு கூடம், ஒரே ஒரு விளக்கு, அவ்வளவு பேர். ஒரு மூஞ்சியாவது கலங்கியிருக்கா? பார்த்த எடத்துலயே முதலாளி இதுதான் பேனர்னு சொல்லிட்டார்.

— உங்க குடும்பப் படம்தானே அது?

— ஆமாம். அக்கா புது வீட்டுக்குக் குடி போன அன்னைக்கு எடுத்தது. ஆபீஸ் போனை ஸ்டாண்டுல வச்சு, டைமர் போட்டுட்டு, ஓடிப்போய் நானும் நின்னேன். எல்லாம் நம்ம சோதனைக் கோப்புல அன்னைக்கே போட்டுட்டேன்.

— நடுவுல உக்காந்திருக்கிறது அம்மாவா? சிரிச்ச முகம்.

— அம்மாதான்.

— அப்பா?

— அவர் இதுல இல்ல.

— இல்லன்னா... மன்னிச்சுக்கங்க தம்பி, எனக்குத் தெரியாது.

— சே சே, நல்லாத்தான் இருக்கார். படத்துல இல்லன்னேன். நிக்கல. நிரந்தர வேலையை விட்டுட்டு இந்த ஆப் பின்னால வந்தேன்ல, அதுலேருந்தே அவருக்கு என் மேல வருத்தம். அன்னைக்கு எல்லாரும் வாங்க, நான் செஞ்ச ஆப்ல எடுக்கிற முதல் குடும்பப் படம்னு கூப்பிட்டேன். ‘நான் எதுக்குடா, நீங்க எடுத்துக்கங்க’ன்னார். சரி, கடைசி நிமிஷத்துல மனசு மாறி வருவார்னு நினைச்சேன். வரல.

— கேட்டீங்களா?

— கேட்டேன். வந்து நின்னேன்னு சொல்றார்க்கா! உன் பின்னாலதான் நின்னேன்னு கண்ணைப் பார்த்துச் சொல்றார். எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. பிடிக்கலன்னு சொல்லியிருந்தா நான் ஏத்துக்கிட்டிருப்பேன். எதுக்குப் பொய்? போனை அவர் கையில குடுத்து, எங்க நிக்கிறீங்க காட்டுங்கன்னு கேட்டேன். சொந்தபந்தம் எல்லாம் பார்த்துக்கிட்டு இருக்கு.

— காட்டினாரா?

— ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் போனைத் திருப்பிக் குடுத்துட்டு மாடிக்குப் போயிட்டார். அதுக்கப்புறம் அவர் இருக்கிற வீட்டு வாசப்படி நான் மிதிக்கல. அம்மா போன் பண்ணினா பேசுவேன், அதோட சரி. எதுக்கு இதெல்லாம் உங்ககிட்ட சொல்றேன்னு தெரியல. விடுங்க. இப்ப மூடறீங்களா இல்லையா?

— தம்பி, ஒண்ணு செய்யுங்க.

— என்ன?

— நான் மூடிடறேன். சத்தியமா மூடிடறேன். அதுக்கு முன்னால இந்தப் படத்தோட ஒன்பது மூலப்படத்தையும் நீங்களே ஒரு தடவை திறந்து பாருங்க. ஆபீஸ் போன்ல எடுத்ததுன்னா தனியா சேமிச்சிருக்கும்ல?

— இருக்கும். அதைப் போய் யாரு திறப்பா? முடிவுல வந்த படம் அழகா இருந்தா நம்ம ஆபீஸ்ல யாரும் உள்ள போய்ப் பார்க்கிறதில்ல.

— நான் பார்த்தேன், இன்னைக்கு மத்தியானம். பேனர்ல போற படமாச்சேன்னு ஒரு சந்தேகத்துல திறந்தேன். அதுக்கப்புறம்தான் இந்தப் பிடிவாதம். யாரு என்னன்னு எனக்குத் தெரியாது, நான் உங்க வீட்டுக்கு வந்தவ இல்ல. நீங்க பாருங்க. பார்த்துட்டும் மூடச் சொன்னா மூடறேன், அவ்வளவுதான் சேதி.

— சரி. இந்தா திறந்தாச்சு. முதல் படம். கலங்கலா இருக்கு, ஒன்பதும் அப்படித்தான் இருக்கும், அதுக்குத்தானே ஆப்பே. அம்மா. அக்கா, மாமா, பசங்க. இது நான். அப்புறம் விளக்கு...

— விளக்குக்குப் பக்கத்துல, உங்க பின்னால.

— இருங்க, பெருசாக்கிப் பார்க்கிறேன்.

— அடுத்ததையும் பாருங்க தம்பி. அதுலயும் இருக்கார். ஒவ்வொண்ணுலயும் தலை கொஞ்சம் வேற எடத்துல இருக்கு. கையும் அப்படித்தான். உங்க தோள்ல வைக்கத் தூக்கின மாதிரி தெரியுது, ஆனா வைக்கல.

— மூணு. நாலு. அஞ்சு... ஒன்பதுலயும்.

— தம்பி? தண்ணி குடிக்கிறீங்களா?

— வேணாம்.

— உங்க போன் அடிக்குது. முதலாளி.

— ஸ்பீக்கர்ல போடுங்கக்கா. நீங்களும் கேளுங்க.

— ஹலோ! என்ன ராசா, முடிஞ்சுதா? அந்தம்மா வழிக்கு வந்துச்சா?

— வரல சார். வர வேணாம்னு நானே சொல்லிட்டேன்.

— என்னய்யா உளர்ற?

— நாளைக்கு வெளியீடு இல்ல. ஆப் தப்பு பண்ணுது. நின்ன ஆளை இல்லன்னு சொல்லுது.

— அந்தக் கதைதானே? நாய்வால் கதை. அதான் அடுத்த வெர்ஷன்ல பார்க்கலாம்னு நீதானே சொன்னே?

— சொன்னேன். இப்ப மாத்திச் சொல்றேன். அந்தம்மா ‘சரி’ போட மாட்டாங்க, நானும் போடச் சொல்ல மாட்டேன். யாரையாவது வேலையை விட்டுத் தூக்கணும்னா என்கிட்டேருந்து ஆரம்பிங்க. அவங்க ஒப்பந்தத்துல கை வச்சா, இந்த ஆப்பை எழுதின நானே பத்திரிகைக்காரங்க முன்னால நின்னு எல்லாத்தையும் சொல்லுவேன்.

— யோவ், அந்தம்மா உனக்கு மந்திரம் கிந்திரம் போட்டுச்சா? மேடை போட்டிருக்குய்யா! பேனர் தொங்குது!

— அதை இறக்கச் சொல்லுங்க சார், இப்பவே. அந்தப் படத்துல ஒரு ஆள் விட்டுப்போயிருக்கு.

— ஒரு ஆள் விட்டுப்போனா குடியா முழுகிப் போச்சு? எவனோ படம் எடுக்கும்போது ஆடியிருப்பான்.

— அவருக்கு நடுக்க நோய் சார். நிக்கணும்னு நினைச்சாலும் உடம்பு நிக்காது. எடுக்கிற படம் கெட்டுப் போயிடும்னுதான் வரலன்னு சொல்லியிருக்கார். அப்புறம் மனசு கேட்காம, யாருக்கும் தெரியாம வந்து கடைசியில நின்னிருக்கார். நோய் இருக்கிறது எனக்குத் தெரியும். ஆப் என்ன பண்ணும்னும் தெரியும், நான்தானே எழுதினேன். ரெண்டையும் சேர்த்து வச்சுப் பார்க்கத்தான் எனக்குப் புத்தி வரல.

— அவ்வளவு விவரமா சொல்றியே, யாருய்யா அந்த ஆளு?

— எங்கப்பா.